பேரிடர் மருத்துவக் குழுவுக்கான பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி – மாவட்ட மருத்துவமனைச் செவிலியர்

வணக்கம். கடலோர மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். புயல், வெள்ளம், நிலநடுக்கம் நேர்ந்தால் வெளியூருக்கும் சென்று பணியாற்றக்கூடிய 15 பேர் கொண்ட குழு ஒன்றை அமைக்க எங்கள் நிர்வாகம் முடிவு செய்து, பயிற்சித் திட்டத்தை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. உயிர்காப்புச் சிகிச்சையையும், காயமடைந்தோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று தரம்பிரிப்பதையும் சேர்த்துவிட்டேன். வேறு எவற்றைச் சேர்க்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1 – எலும்பு அறுவை மருத்துவர்

சகோதரி, நீங்கள் சேர்த்திருப்பவை இன்றியமையாதவைதாம். ஆனால் களத்துக்குச் செல்லும் குழுக்கள் பெரும்பாலும் தடுமாறுவது வேறு இடங்களில். 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது பல நாடுகளிலிருந்தும் மருத்துவக் குழுக்கள் நல்லெண்ணத்தோடு விரைந்தன. அவற்றுள் சில, தமக்கு வேண்டிய குடிநீரும் உணவும் தங்குமிடமும்கூட இல்லாமல் வந்து, ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த ஊரையே சார்ந்திருந்தன. அதைவிட வேதனையானது, கைகால்களை அகற்றும் அறுவைகள் பல முறையான பதிவின்றியும், குழு புறப்பட்ட பிறகு புண்ணை யார் கவனிப்பார், செயற்கைக் கால் எங்கே கிடைக்கும் என்ற ஏற்பாடின்றியும் செய்யப்பட்டன என்பதுதான்.

இதன் பிறகே, 2013இல், உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழுக்களை வகைப்படுத்தித் தரங்களை வெளியிட்டது. நிலையான இடத்தில் இயங்கும் முதல் வகைக் குழு நாளொன்றுக்குக் குறைந்தது 100 புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும்; இரண்டாம் வகைக்கு 20 உள்நோயாளிப் படுக்கைகளும் நாளுக்கு 7 பெரிய அறுவைகளைச் செய்யும் திறனும் வேண்டும். 15 பேரை வைத்துக்கொண்டு அறுவை அரங்கம் அமைக்க முயல்வதைவிட, முதல் வகைப் பணியைச் செம்மையாகச் செய்வதே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து, ஜெனரேட்டரை இயக்கி, நீரில் குளோரின் கலந்து, எடுத்துச் சென்ற உணவை மட்டுமே உண்டு, இரவிலும் நோயாளிகளைப் பார்க்கும் ஒத்திகையை முதலில் நடத்துங்கள். குறைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

பதில் 2 – சிறுநீரகவியல் மருத்துவர்

நிலநடுக்கப் பணிக்கும் செல்வதாயின் கிரஷ் சிண்ட்ரோம், அதாவது தசை நசுங்குவதால் உடல் முழுவதும் நேரும் பாதிப்பு, பற்றிய பயிற்சியைத் தவறாமல் சேர்க்கவும். இடிபாடுகளில் பல மணி நேரம் சிக்கியவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். அழுத்தம் நீங்கியதும் நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயம் நின்றுவிடக்கூடும், தப்பினாலும் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். 1999இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கானோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. எனவே, இயன்றவரை அவரை வெளியே எடுப்பதற்கு முன்பே நார்மல் சலைன் என்னும் உப்புக்கரைசலை நரம்புவழி ஏற்றத் தொடங்க வேண்டும். பொட்டாசியம் கலந்த ரிங்கர் லாக்டேட் கரைசலைத் தவிர்க்க வேண்டும். தீயணைப்பு, மீட்புப் படையினரோடு சேர்ந்து பயிற்சி செய்தாலன்றி இது களத்தில் நடவாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பதிவேடுகளுக்கென்று பொதுவான படிவம் ஏதேனும் உண்டா?

பதில் 3 – பொதுச் சுகாதார மருத்துவர்

உண்டு அம்மா. குழுக்கள் நாள்தோறும் அனுப்ப வேண்டிய குறைந்தபட்சத் தரவுத் தொகுப்பை உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஏற்றுக்கொண்டது. 2019இல் இடாய் புயல் தாக்கிய மொசாம்பிக்கில் அது பயன்படுத்தப்பட்டது. எல்லாக் குழுக்களும் ஒரே படிவத்தில் எழுதினால், எந்தப் பகுதியில் வயிற்றுப்போக்கு கூடுகிறது என்பதை ஒருங்கிணைப்பு மையம் உடனே கண்டுகொள்ளும். அப்புயலுக்குப் பின் அங்கே காலரா பரவியதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். ஒத்திகையின்போதே படிவத்தை நிரப்பப் பழக்குங்கள். சிகிச்சைக் குறிப்பின் நகல் ஒன்று நோயாளியின் கையிலும் இருக்கட்டும், ஏனெனில் அடுத்து அவரைப் பார்ப்பது வேறொரு குழுவாக இருக்கலாம். வெளிக்குழு போய்ச் சேரும்போது காயமடைந்தோர் குறைந்து, பிரசவத்துக்கு வருவோரும் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து தீர்ந்துபோனவர்களுமே மிகுந்திருப்பார்கள். பிரசவப் பொருள்களையும் இன்சுலினுக்கான குளிர்பெட்டியையும் முதல் வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள்.