கணக்கில் லாபம், கையில் பணம் இல்லை: உணவு, குளிர்பான விநியோகத்தில் ஓராண்டுக் கணக்கு

வினா: வில்லாபுரம் விநியோகம்

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் என் தந்தையார் 28 ஆண்டுகளாக நடத்திவரும் விநியோக நிறுவனத்தின் கணக்குகளைச் சென்ற ஆண்டு முதல் நான் கவனித்துவருகிறேன். பிஸ்கட், மிக்சர், பழச்சாறு, குடிநீர், கடைக்காரர்கள் இன்றும் 'கலர்' என்றே சொல்லும் காஸ் நிரப்பிய குளிர்பானங்கள் ஆகியவற்றை அவனியாபுரம், திருப்பரங்குன்றம், திருமங்கலம் ஆகிய மூன்று லைன்களில் (வண்டி செல்லும் விநியோகத் தடங்களில்) ஏறத்தாழ 600 கடைகளுக்குக் கொடுக்கிறோம். 2025-26ஆம் ஆண்டுக் கணக்கை ஆடிட்டரிடம் ஒப்படைப்பதற்கு முன்பு, எனக்குப் புரியாத ஒன்றை இங்கே கேட்க விரும்புகிறேன்.

வரி நீங்கலான விற்பனை 7.92 கோடி ரூபாயிலிருந்து 9.36 கோடியாக உயர்ந்திருக்கிறது. மொத்த லாபம் 45.9 லட்சத்திலிருந்து 53.4 லட்சமாகவும், சம்பளம், டீசல், வட்டி, தேய்மானம் எல்லாம் போக நிகர லாபம் 11.9 லட்சத்திலிருந்து 13.2 லட்சமாகவும் கூடியிருக்கின்றன. இதைப் பார்த்து மகிழ வேண்டிய நேரத்தில், வங்கியின் கேஷ் கிரெடிட் (தேவைக்கேற்ப எடுத்துக் கட்டும் சுழல் கடன்) நிலுவை 28 லட்சத்திலிருந்து 44.5 லட்சமாக ஏறி நிற்கிறது. அதுவும் போதாமல் டிசம்பரில் உறவினர் ஒருவரிடம் மாதம் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டிக்கு 12 லட்சம் வாங்கினோம். வீட்டுச் செலவுக்கு ஆண்டு முழுவதும் எடுத்தது 8 லட்சம் மட்டுமே. புதிய வண்டி வாங்கவில்லை, இடம் வாங்கவில்லை, திருமணம் போன்ற பெருஞ்செலவும் இல்லை.

மற்ற எண்களையும் தருகிறேன். மார்ச் 31 அன்று கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கி சென்ற ஆண்டு 38 லட்சம், இந்த ஆண்டு 57 லட்சம். குடோன் சரக்கு 41 லட்சம், இப்போது 52 லட்சம். கம்பெனிகளிடமிருந்து வர வேண்டிய கிளைம் (கடைகளுக்குக் கொடுத்த இலவசம், சேதமான சரக்கு ஆகியவற்றுக்கான ஈடு) 4.5 லட்சம், இப்போது 9.5 லட்சம். ஜி.எஸ்.டி. வரவுக் கணக்கில் (சரக்கு வாங்கும்போது கட்டி, விற்பனை வரியில் கழித்துக்கொள்ள வேண்டிய தொகை) 80 ஆயிரமாக இருந்தது 3.3 லட்சமாகியிருக்கிறது. கம்பெனிகளுக்கு நாங்கள் தர வேண்டியது 22 லட்சத்திலிருந்து 24 லட்சம். தேய்மானம் 1.8 லட்சம்.

நான் எங்கோ தவறாக ஏற்றியிருக்கிறேன் என்று அப்பா உறுதியாக நம்புகிறார். டேலி கணக்கு மென்பொருளில் மூன்று முறை சரிபார்த்துவிட்டேன், பதிவில் பிழை இல்லை. வளரும் தொழிலில் இது இயல்புதானா, அல்லது நான் கவலைப்பட வேண்டுமா?

பதில்: உசிலம்பட்டி ஏஜென்சி

சகோதரி, உங்கள் பதிவில் பிழை இல்லை, பிழை லைனில் இருக்கிறது. விற்பனை 18 சதவீதம் கூடியிருக்கிறது, கடைப் பாக்கியோ 50 சதவீதம் கூடியிருக்கிறது. விற்பனை வளர்ந்த அளவுக்கே பாக்கியும் வளர்ந்திருந்தால் அது 45 லட்சத்தில் நின்றிருக்கும். மீதி 12 லட்சம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. உறவினரிடம் நீங்கள் வட்டிக்கு வாங்கிய அதே 12 லட்சத்தைத்தான் வட்டியில்லாமல் கடைக்காரர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஒன்றரை வட்டியில் 12 லட்சத்துக்கு முழு ஆண்டு வட்டி 2.16 லட்சம். உங்கள் நிகர லாபம் சென்ற ஆண்டைவிடக் கூடியது 1.3 லட்சம்தான். டிசம்பரில் வாங்கியதால் இந்தக் கணக்கில் நான்கு மாத வட்டி மட்டுமே ஏறியிருக்கிறது. கடனை அடைக்காமல் இந்த ஆண்டும் ஓட்டினால், 1.44 கோடி ரூபாய்க்குக் கூடுதலாக விற்றதன் பலன் முழுவதும் அந்த வட்டிக்கே போய்விடும்.

நான் 'பில்லுக்குப் பில்' முறையை விட்டுக்கொடுப்பதில்லை. பழைய பில்லின் பணம் கைக்கு வந்த பிறகே புதிய சரக்கு வண்டியிலிருந்து இறங்கும். ஆனால் 2023இல் கேம்பா என்ற பழைய குளிர்பானம் மறுபடியும் சந்தைக்கு வந்து 200 மில்லி பாட்டிலைப் பத்து ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகு குளிர்பானத்தில் போட்டி கடுமையாகிவிட்டது. கடையின் பிரிட்ஜில் ஒரு தட்டு இடம் கிடைப்பதற்காக எல்லாத் தரப்பு விநியோகஸ்தர்களும் கடனை நீட்டுகிறார்கள். 'அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஒரு கடைக்காரர் சொல்லும்போது சேல்ஸ்மேன் மறுக்காமல் வருவதற்குக் காரணம், அவருடைய இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) விற்பனைக்குத் தரப்படுவதுதான். வசூலுக்கு இன்சென்டிவ் தருகிறீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள்.

பதில்: கீழமாசி வீதிக் கணக்கர்

அம்மா, நான் கீழமாசி வீதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், காசு பிசகாமல் நேராகிறது. அதை உங்கள் தந்தையாருக்கு அப்படியே காட்டுங்கள். லாபம் 13.2 லட்சமும், பணமாக வெளியே போகாத தேய்மானம் 1.8 லட்சமும் சேர்ந்து 15 லட்சம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் கடைப் பாக்கியில் 19, சரக்கில் 11, கிளைமில் 5, ஜி.எஸ்.டி. வரவில் 2.5 என்று 37.5 லட்சம் முடங்கியது. கம்பெனிகள் கூடுதலாகப் பொறுத்துக்கொண்ட 2 லட்சத்தை இதில் கழித்து, வீட்டுக்கு எடுத்த 8 லட்சத்தைக் கூட்டுங்கள். ஆக மொத்தம் 43.5 லட்சம் தேவைப்பட்டிருக்கிறது, வந்தது 15 லட்சம். குறைந்த 28.5 லட்சத்தை வங்கி 16.5, உறவினர் 12 என்று நிரப்பியிருக்கிறார்கள். பணம் தொலையவில்லை, உருமாறி நான்கு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அந்த நான்கில் எது திரும்பி வரும், எது வராது என்பதே இனி உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும்.

சரக்கைப் பற்றி எனக்குப் பெரிய அச்சமில்லை. நம் ஊரில் மார்ச் 31 என்பது கோடைக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் முந்தைய காலம்; அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்காகக் கலரும் தண்ணீர் பாட்டிலும் குடோன் கூரை வரை அடுக்கப்பட்டிருக்கும். அது நியாயமான இருப்பு. ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் கம்பெனியின் டார்கெட்டை (இலக்கை) எட்டிக் கழிவு வாங்குவதற்காக இறக்கிய பிஸ்கட்டும் மிக்சரும் அதில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். அரை சதவீதக் கழிவுக்காக இறக்கிய சரக்கு மூன்று மாதம் தங்கினால், கேஷ் கிரெடிட் வட்டியே அந்தக் கழிவைத் தின்று மேலும் கேட்கும்.

எனக்கு உறுத்துவது கிளைம்தான். ஒரு பெட்டிக்கு இரண்டு பாட்டில் இலவசம் என்று நீங்கள் கடைக்குக் கொடுத்துவிடுகிறீர்கள், கம்பெனி பிறகு கிரெடிட் நோட் (நீங்கள் தர வேண்டியதில் கழித்துக்கொள்ளும் வரவுச் சீட்டு) தருகிறது. இடைப்பட்ட காலத்தில் அது உங்கள் முதல். விற்பனை 18 சதவீதம் ஏறும்போது கிளைம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருப்பது, தாள்கள் உரிய நேரத்தில் போகவில்லை என்பதையே காட்டுகிறது. நான் வேலை பார்த்த ஒரு மண்டியில் குடோன் மூலையில் ஒரு சாக்கு இருந்தது. கிழிந்த பிஸ்கட் பொட்டலங்களும் தேதி முடிந்த பாக்கெட்டுகளும் அதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆண்டு முடிவில் அதைக் கொட்டிப் பார்த்தபோது அடியில் இருந்தவை எலி கடித்து, பேட்ச் எண் படிக்க முடியாதபடி தூளாகிக் கிடந்தன. பேட்ச் எண் இல்லாத பொட்டலத்துக்குக் கிளைம் கிடைக்கவில்லை. ஆனால் ஏட்டில் அது 'வர வேண்டியது' என்ற தலைப்பில் லாபமாகவே நின்றது. உங்கள் 9.5 லட்சத்தை அப்படி ஒவ்வொரு தாளாகப் பாருங்கள்.

2017 மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது உள்நாட்டுக் கலர்களுக்குக் கடைகள் திறந்தன. அந்தக் கோடையில் நான் எழுதிய ஏட்டிலும் விற்பனையைவிடப் பாக்கி வேகமாக ஏறியது. கிடைத்த இடத்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தோம். ஐப்பசி வரை வசூலுக்கு அலைந்தது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

கடைசியாக, 13.2 லட்சத்தை முழு லாபம் என்று எண்ணாதீர்கள். நீங்களும் தந்தையாரும் சம்பளம் எடுப்பதில்லை என்றே நினைக்கிறேன். குடோன் சொந்தமானால் வாடகையும் எழுதியிருக்க மாட்டீர்கள். ஆளுக்கு மாதம் 25 ஆயிரம், குடோனுக்கு 20 ஆயிரம் என்று வைத்தாலே 8.4 லட்சம் போய்விடும். மீதி 4.8 லட்சம்தான் உங்கள் முதலீட்டின் உண்மையான வருமானம்.

பதில்: தணிக்கை மேசை

கணக்கர் ஐயா சொன்னவற்றோடு வரிப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், மிக்சர் வகைகளுக்கும் பழச்சாறு பானங்களுக்கும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் குறைந்தது. காஸ் நிரப்பிய குளிர்பானங்களுக்கு முன்பு 28 சதவீத வரியும் 12 சதவீத இழப்பீட்டு செஸ்ஸும் (கூடுதல் தீர்வை) இருந்தன. இப்போது 40 சதவீதம் ஒரே வரி. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது, விநியோகஸ்தருக்கு உண்டு. செப்டம்பர் 21 இரவு குடோனில் இருந்த கலருக்கு நீங்கள் கட்டியிருந்த செஸ்ஸை மறுநாளிலிருந்து எந்த வரிக்கும் ஈடுகட்ட முடியாது. செஸ் வரவைச் செஸ்ஸுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது சட்டம், அந்தச் செஸ்ஸோ குளிர்பானத்தில் இப்போது இல்லை.

ஆகவே உங்கள் 3.3 லட்சத்தை இரண்டாகப் பிரியுங்கள். பெரும்பகுதி மார்ச்சில் இறக்கிய கோடைச் சரக்குக்குக் கட்டிய வரியாக இருக்கும். அந்தச் சரக்கு விற்கும்போது அது கழிந்துவிடும். செஸ் தலைப்பில் நிற்கும் தொகையைச் சொத்தாகக் காட்டிக்கொண்டே போவது சரியல்ல, உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி அதை நட்டத்தில் எழுதுவதே நேர்மையான கணக்கு.

வரிக் குறைப்பில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. விற்பனையை நீங்கள் வரி நீங்கலாகக் காட்டுகிறீர்கள், கடைப் பாக்கியிலோ வரியும் சேர்ந்திருக்கிறது. பிஸ்கட்டுக்கு வரி 13 புள்ளி குறைந்த பிறகு அதே சரக்குக்கான பாக்கி குறைந்திருக்க வேண்டும். அப்படியும் 50 சதவீதம் கூடியிருக்கிறது என்றால், நிலைமை உசிலம்பட்டி நண்பர் சொன்னதைவிடச் சற்று மோசமானது.

தேதி முடிந்த சரக்கை அழித்தால் அதை வாங்கியபோது எடுத்த ஜி.எஸ்.டி. வரவை அரசுக்குத் திருப்ப வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். கடலை மிட்டாய், முறுக்கு போன்றவற்றைக் குறு, சிறு உற்பத்தியாளர்களிடம் வாங்குவதாக இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாதபோது 15 நாளுக்குள்ளும் பணம் தந்துவிடுங்கள். மார்ச் 31ஐத் தாண்டி, கெடு கடந்து நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாக வருமான வரிக் கணக்கில் ஏற்க மாட்டார்கள். வணிகரிடம் வாங்கும் சரக்குக்கு இந்த விதி பொருந்தாது. விற்பனை 10 கோடியைத் தாண்டினால், அதற்கு அடுத்த ஆண்டு முதல் ஒரே விற்பனையாளரிடம் 50 லட்சத்துக்கு மேல் வாங்கும் தொகைக்கு 0.1 சதவீதம் வருமான வரியாகப் பிடித்தம் செய்யும் கடமையும் வரும்.

வினா கேட்டவர்: வில்லாபுரம் விநியோகம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணக்கர் ஐயா எழுதிய வரவு செலவை அப்பாவின் முன் வைத்துப் படித்தேன். அவர் 28.5 லட்சம் என்ற இடத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு தம் பழைய சிட்டைகளை எடுத்துவரச் சொன்னார்.

ஐயா நினைத்தது சரி, நாங்கள் இருவரும் சம்பளம் எடுப்பதில்லை, குடோனும் சொந்தம். வண்டிகளையும் சேர்த்து எங்கள் சொந்த முதல் ஏறத்தாழ 50 லட்சம், அதற்கு 4.8 லட்சம் என்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு. இதை இதற்கு முன்பு நாங்கள் ஒருமுறைகூடக் கணக்கிட்டதில்லை.

கடைப் பாக்கியை நாள் வாரியாகப் பிரித்தேன். 57 லட்சத்தில் 60 நாளைத் தாண்டியது 11.4 லட்சம், அதுவும் 23 கடைகளில் மட்டும். அவற்றில் 15 கடைகள் சென்ற ஜூனில் விரிவாக்கிய திருமங்கலம் லைனில் இருக்கின்றன. அங்கே செல்லும் சேல்ஸ்மேன் தம்பிக்கு நாங்கள் விற்பனைக்கு மட்டுமே இன்சென்டிவ் தந்துவந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். குறை அவருடையது அல்ல. இந்த மாதம் முதல் 21 நாளுக்குள் வசூலான பில்லுக்குத்தான் இன்சென்டிவ் என்று மாற்றிவிட்டோம், அவரும் ஏற்றுக்கொண்டார்.

செஸ் தலைப்பில் 58 ஆயிரம் நிற்கிறது. அதை எழுதித் தள்ளச் சொல்லியிருக்கிறேன். கிளைம் தாள்களில் 1.7 லட்சத்துக்கு ஒப்புகையே இல்லை. சம்பந்தப்பட்ட கம்பெனியின் பகுதி அலுவலர் மாறிவிட்டதால் புதியவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, அதற்கு எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்று ஆடிட்டரிடம் கேட்கப்போகிறேன். குடோன் மூலையில் எங்களிடமும் ஒரு சாக்கு இருந்தது, ஐயா. நேற்று அதைக் கொட்டிப் பிரித்துவிட்டோம்.

திங்கட்கிழமை அப்பாவே திருமங்கலம் வண்டியில் ஏறிப் போனார். 15 கடைகளில் ஒன்பது கடைக்காரர்கள் ஏதாவது ஒரு தொகை கொடுத்தார்கள். மொத்தம் 1.85 லட்சம் வசூலானது. அதை அன்று மாலையே உறவினரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.