ஃபிஷ் விகிதம் 2.27, ஆனாலும் ஹெர்2 நெகட்டிவா?

கேள்வி:
மார்பகக் கட்டியில் எடுத்த ஊசி பயாப்சி. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 90%, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 5%, ஐஹெச்சியில் (புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம், அதன் மரபணுவுக்கும் இதே பெயர்) 2+, அதாவது இரண்டுங்கெட்டான் நிலை. ஃபிஷ்ஷில் (மரபணு நகல்களை ஒளிரும் புள்ளிகளாக எண்ணும் சோதனை) 20 செல் எண்ணியிருக்கிறார்கள்: ஹெர்2 புள்ளி 68, செப்17 (ஹெர்2 இருக்கும் 17-ஆம் குரோமோசோமின் அடையாளம்) புள்ளி 30. விகிதம் 2.0-ஐத் தாண்டிவிட்டதே, பிறகு ஏன் நெகட்டிவ் என்று போட்டிருக்கிறார்கள்? சிஏ 15-3 (ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறி) நார்மல். அதை வைத்து ஏதாவது முடிவு சொல்லலாமா?

பதில் 1:
விகிதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 68-ஐ 20-ஆல் வகுத்தால் செல்லுக்கு 3.4. விகிதம் 2.0-ஐத் தாண்டினாலும், பாசிட்டிவ் என்று எழுத ஹெர்2 சராசரியும் 4.0-க்குக் குறையக் கூடாது. இங்கே ஹெர்2 பெருகவில்லை. செப்17 செல்லுக்கு 1.5 ஆக இறங்கியதால் விகிதம் ஏறிப்போனது. வெட்டில் செல்லின் உட்கரு அறுபட்டிருக்கும் என்று சமாதானம் சொல்லவும் முடியாது, அறுபட்டால் இரண்டு புள்ளியும்தான் குறையும்.

ஆனால் 2018 ஆஸ்கோ-கேப் (அமெரிக்கப் புற்றுநோய், நோயியல் மருத்துவர் அமைப்புகள்) விதிப்படி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் எண்ணிக்கை தெரியாத இன்னொருவர், ஐஹெச்சியில் 2+ காட்டிய, புற்றுநோய் ஊடுருவும் பகுதியில் குறைந்தது 20 செல் எண்ண வேண்டும். திரும்பவும் இதே மாதிரி வந்தால் விளக்கக் குறிப்போடு நெகட்டிவ். ரிப்போர்ட்டில் மறு எண்ணிக்கை பற்றி வரி இருக்கிறதா?

பதில் 2:
ஐஹெச்சி ஸ்லைடையும் திரும்பப் பாருங்கள். ஊசி பயாப்சியில் துண்டின் ஓரமும் நசுங்கிய இடமும் கூடுதலாக நிறம் பிடிக்கும், அங்கே படித்தால் 1+ கூட 2+ ஆகிவிடும். பக்கத்து இயல்பான பால் நாளத்தின் செல் சவ்வும் அழுத்தமாக நிறம் ஏறியிருந்தால் சாயம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், திரும்பப் போட வேண்டும்.

திசு எடுத்து 1 மணி நேரத்துக்குள் 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) இறங்கியதா, 6 முதல் 72 மணி நேரம் அதில் இருந்ததா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். ஃபார்மலின் போதாவிட்டால் முதலில் அடிபடுவது ஈஆர், பிஆர். இங்கே ஈஆர் 90% என்பதால் அந்தப் பயம் குறைவு. பிஆர் 5% என்பதும் பாசிட்டிவ்தான், வரம்பு 1%.

பதில் 3:
சிஏ 15-3-ஐ இதில் இழுக்காதீர்கள். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். கல்லீரல் கோளாறிலும் ஏறும். பரவிய நோயில், ஸ்கேனோடு சேர்த்துப் பார்க்க மட்டும் உதவும். அப்போதும் புது மருந்து தொடங்கிய முதல் 4–6 வாரம் வருகிற ஏற்றத்தை நம்பக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மறு எண்ணிக்கை பற்றி எதுவும் இல்லை, கேட்டு வாங்குகிறேன். நெகட்டிவ் உறுதியானால் இது ஹெர்2-லோ (ஹெர்2 குறைவாக இருக்கும் வகை) தானே?

பதில் 1:
ஆமாம், 2+, ஃபிஷ் நெகட்டிவ் என்றால் ஹெர்2-லோ. அந்தப் பெயர் பெரிதாகப் பேசப்படுவது பரவிய நோயில் ட்ராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் என்ற மருந்தைத் தரலாமா என்ற இடத்தில்தான்.