சில்வர் ஸ்ப்ரே கேன் அடைத்துக்கொண்டது, பாதிக்கு மேல் பெயிண்ட் உள்ளே இருக்கிறது

பாளை_சைக்கிள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய 22 இஞ்ச் சைக்கிளை இந்தக் கோடையில் மாடியில் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஃபிரேம் கறுப்பு, மட்கார்டும் கேரியரும் சில்வர் என்று கணக்கு. கறுப்பு ஒரு தொல்லையும் தரவில்லை. சில்வர்தான் உயிரை வாங்குகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் முன் மட்கார்டை அடித்து முடித்துவிட்டு, கேனுக்கு அப்படியே மூடி போட்டு ஷெல்ஃபில் வைத்தேன். நேற்று பின் மட்கார்டுக்காக எடுத்தால் எவ்வளவு அமுக்கியும் ஒன்றும் வரவில்லை. 400 மில்லி கேன், கையில் எடுத்தால் கனமாகத்தான் இருக்கிறது. குலுக்கினால் குண்டு உருளும் சத்தமும் கேட்கிறது.

சரி, அடைப்புதானே என்று அம்மாவின் ஊக்கை வாங்கி நாசில் ஓட்டையில் குத்தினேன். அடுத்த அமுக்கலில் பெயிண்ட் வந்தது, ஆனால் நேராக வரவில்லை. இடது பக்கமாகப் பீய்ச்சி, மாடிப்படிச் சுவரில் ஒரு முழ நீளத்துக்குச் சில்வர் பொட்டு. தீபாவளிக்குத்தான் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்தோம். அம்மா இன்னும் சரியாகப் பேசவில்லை. இரண்டு தடவை அப்படித் துப்பியதோடு மறுபடியும் அடைத்துக்கொண்டது.

நாசிலைக் கழற்றலாமா? கழற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் பொங்கி வெளியே வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு கேன் வாங்க 300 ரூபாய் ஆகிறது என்பது ஒரு பக்கம், இதை இப்படியே விட மனசு வரவில்லை என்பது இன்னொரு பக்கம்.

மாடித்தோட்டம்:

நாசில் தாராளமாகக் கழன்று வரும். பொங்காது. நான் பூந்தொட்டிகளுக்கு அடிக்கிற கேனில் அடைத்தால் நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறப்போடுவேன். அசிட்டோன் என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், அது இல்லாத ரிமூவரும் விற்கிறது, அதில் அவ்வளவு லேசில் கரையாது. அப்புறம் ஒரு விஷயம், ஊறப்போட டீக்கடை தெர்மகோல் கப்பை எடுக்காதீர்கள். என் கப்பின் அடிப்பாகம் கரைந்து, ரிமூவர் முழுக்க டைனிங் டேபிளில் ஓடிவிட்டது.

பட்டறை_அண்ணாச்சி:

தம்பி, முதலில் அந்த ஊக்கை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டிங்கரிங் பட்டறையில் 30 வருஷம் இருந்துவிட்டேன், ஊக்கால் பிழைத்த நாசில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பெயிண்ட் பூவாய்ச் சிதறி வருவதே அதன் வட்டம் சுத்தமாக இருப்பதால்தான். ஊக்கு முனை ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அகட்டினால் போதும், பெயிண்ட் அந்தப் பக்கமாகச் சாயும், பொட்டுப் பொட்டாகத் துப்பும். உங்கள் சுவரில் நடந்தது அதுதான்.

இப்போது அடைப்பு எங்கே என்று பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலே கேனைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கறுப்பு கேன் நன்றாக வேலை செய்கிறது என்றீர்களே, அதன் நாசிலைக் கழற்றிச் சில்வர் கேனில் மாட்டுங்கள். கழற்றும்போது கேனை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி, அமுக்காமல் லேசாகத் திருகி மேலே இழுத்தால் வந்துவிடும். மாட்டும்போதுதான் கவனம், அழுத்தி உள்ளே தள்ளுவதால் ஒரு சொட்டுப் பீய்ச்சும். பழைய பனியன் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு மாட்டுங்கள்.

பெயிண்ட் வந்தால் கோளாறு பழைய நாசிலில். வராவிட்டால் கோளாறு கேனுக்குள், வால்விலோ உறிஞ்சும் குழாயிலோ. அப்படியென்றால் விட்டுவிடுங்கள். வால்வுக்குள் எதையும் விட்டுக் குத்தக் கூடாது. பல கேன்களில் உள்ளே இருப்பது வீட்டு அடுப்புக்கு வருகிற அதே வகை வாயுதான். குத்தி வால்வு சிக்கிக்கொண்டால் அது காலியாகும்வரை நிற்காது.

நாசில்தான் என்றால், ஒரு கண்ணாடி பாட்டிலின் இரும்பு மூடியில் என்.சி. தின்னர், அதாவது பெயிண்டைக் கரைக்கிற திரவம், ஊற்றி நாசிலை ஒரு கால் மணி நேரம் போடுங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தால் பிளாஸ்டிக் ஊதி, முகப்பில் பதித்திருக்கும் சின்ன வில்லை கழன்று விழும்.

எடுத்த பிறகு எல்லாரும் முன் ஓட்டையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் திருப்பிப் பாருங்கள். சில நாசில்களுக்குக் கீழே ஒரு குச்சி நீண்டிருக்கும், அதன் அடியில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு இருக்கும். பெயிண்ட் நுழைவதே அதன் வழியாகத்தான். சில்வரில் அங்கேதான் கட்டும், ஏனென்றால் சில்வரின் பளபளப்பு அலுமினியத் தூள், அது அடியில் போய்ச் சப்பென்று படியும். அந்த வெட்டில் பழைய பிளேடின் ஓரத்தை ஒரு தடவை இழுத்தால் போதும், தகடு மாதிரி பெயர்ந்து வரும். பிறகு தின்னரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, முகப்பிலிருந்து பின்பக்கமாகப் பீய்ச்சுங்கள். வந்த வழியே திரும்பிப் போகட்டும். வாயால் ஊதாதீர்கள். எங்கள் பட்டறையில் ஒரு பையன் ஊதிவிட்டு, சாயங்காலம் வரை உதட்டில் சில்வரோடு திரிந்தான்.

இனி அடைக்காமல் இருக்க: வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று விநாடி அமுக்குங்கள். கவிழ்த்தால் குழாயின் வாய் பெயிண்டை விட்டு வாயுவுக்குள் வந்துவிடும், வெறும் வாயு போய் நாசிலைத் துடைத்துவிடும். ஒரு பழைய பேப்பரில் அடித்துப் பாருங்கள், நிறம் நின்று வெறும் காற்று வந்ததும் விட்டுவிடலாம். முகப்பில் நிற்கும் சொட்டைத் தின்னர் துணியால் ஒற்றி எடுங்கள். ஆனால் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் இதைச் செய்யாதீர்கள். வாயு அளவோடுதான் இருக்கிறது, அது தீர்ந்தால் பாதி பெயிண்ட் கேனிலேயே தங்கிவிடும்.

கோட்டாறு_கலர்:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. நான் கேன்களைத் தலைகீழாகவே அடுக்கி வைக்கிறேன், இரண்டு வருஷமாக அடைப்பே இல்லை. மற்றபடி அடிக்கும் முன் குலுக்குவதில் கஞ்சத்தனம் கூடாது. குண்டு சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து முழுசாக ஒரு நிமிஷம், கடிகாரம் பார்த்து. நாம் பத்துத் தடவை ஆட்டிவிட்டு நிறையக் குலுக்கியதாக நினைத்துக்கொள்வோம்.

பட்டறை_அண்ணாச்சி:

குலுக்குவது ரொம்பச் சரி. தலைகீழாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. அடியில் படிய வேண்டியது வால்வைச் சுற்றிப் படிகிறது, அவ்வளவுதானே? உங்களுக்கு அடைக்காததற்குக் காரணம் நீங்கள் ஒரு நிமிஷம் குலுக்குவதுதான் என்பேன். எப்படி வைத்தாலும் நிழலில் வையுங்கள். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருப்பான். சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தகரக் கொட்டகையும், பூட்டிய காரும் அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

பாளை_சைக்கிள்:

அண்ணாச்சி, வேலை முடிந்தது! கறுப்பு நாசிலை மாட்டியதும் சில்வர் வந்துவிட்டது, கொஞ்ச நேரம் சாம்பல் நிறமாக வந்து அப்புறம் தெளிந்தது. பழைய நாசிலையும் ஊறப்போட்டேன். நீங்கள் சொன்ன வெட்டு இருந்தது, அதில் ரவை அளவு ஒரு சில்வர் கட்டி. பிளேடு பட்டதும் தெறித்து எங்கேயோ போய்விட்டது. அடைப்பு அங்கே இருக்க, நான் முன்பக்கத்தைக் குத்திக் கெடுத்திருக்கிறேன். அந்த நாசில் இப்போதும் இடது பக்கம்தான் துப்புகிறது, குப்பையில் போட்டுவிட்டேன்.

ஆகவே இரண்டு கேனுக்கும் இப்போது ஒரே நாசில், ஒவ்வொரு தடவையும் கழுவிக் கழுவி மாற்றுகிறேன். பின் மட்கார்டு மூன்று கோட் அடித்துக் காய்கிறது. சுவரில் இருக்கும் பொட்டைத் தின்னரில் துடைக்கப் பார்த்தேன், பொட்டு போகவில்லை, சுண்ணாம்புதான் கலைந்து பெரிய சாம்பல் தீற்றலாகிவிட்டது. அதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பட்டறை_அண்ணாச்சி:

உப்புத்தாளை வைத்து லேசாகத் தேய்த்துவிட்டு அந்தத் துண்டுக்கு மட்டும் மறுபடி வெள்ளையடியுங்கள். ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ்ஷால்.