போர்ட் மேப்பிங்: ‘துறை வரையறை’ என்று வைப்போமா?

அண்ணைமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

‘யுஎஸ்பி போர்ட் மேப்பிங்’ (கணினியின் யுஎஸ்பி துறைகளில் எவற்றை இயங்குதளம் ஏற்கவேண்டும், ஒவ்வொன்றும் என்ன இனம் என்று எழுதி வைக்கும் வேலை) என்பதற்குத் தமிழ் கேட்டு நான் எழுதியதற்கு மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: துறை வரைபடம், துறைப்பட்டியல், துறைத்தெரிவு. மூன்றையும் மாறி மாறிப் போட்டு ஒரு முழு வழிகாட்டியை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் இடறியது. அதனால் நாலாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன், இந்தச் சொல் எனக்கு எப்படித் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். பொருள் பிடிபடாமல் சொல் பிடிபடாது.

உரும்பிராயில் இருக்கிற என் மச்சான் கலியாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியில், ஆப்பிள் அல்லாத கணினியிலும் மேக்ஓஎஸைத் தொடக்கிவிடுகிற ஓபன்கோர் என்ற மென்பொருள் வழியாக மேக்ஓஎஸ் போட்டு வேலை செய்கிறார். இன்டெல் பத்தாம் தலைமுறைச் சில்லு. ஆப்பிளின் உரிமவிதி ஆப்பிள் முத்திரை பதித்த கணினிகளில் மட்டும்தான் அந்த இயங்குதளத்தை அனுமதிக்கிறது என்பதை அவருக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்லி வைக்கிறேன்.

அவருடைய முறைப்பாடு இதுதான்: “பின்னுக்கு இருக்கிற நீல ஓட்டையில கார்ட் ரீடரைக் குத்தினா விண்டோஸில பறக்குது, மேக்கில ஊருது.” அளந்து பார்த்தால் விநாடிக்கு 40 மெகாபைட்டுக்கு மேல் போகவில்லை. அது யுஎஸ்பி 2 வேகம். அத்துடன், தூங்க வைத்தாலும் கணினி உடனே விழித்துக்கொள்கிறது. நான் தொலைபேசியில் “போர்ட் மேப்பிங் செய்யவேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் அந்தச் சொல்லை இணையத்தில் தேடியிருக்கிறார். வந்ததெல்லாம் ரவுட்டர் பற்றிய பக்கங்கள். வலையமைப்பிலும் ‘போர்ட் மேப்பிங்’ இருக்கிறதே! விடியும்போது ரவுட்டருக்குள் இரண்டு துறைகளை வெளி இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தார். கார்ட் ரீடர் ஊர்ந்தபடியே இருந்தது. ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருந்ததால் வந்த வினை இது. வீட்டு வலையமைப்பின் கதவு ஓர் இரவு முழுக்கத் திறந்து கிடந்திருக்கிறது என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

சரி, யுஎஸ்பி பக்கத்தில் உண்மையில் நடப்பது என்ன?

2015இல் வந்த எல் கேப்பிடன், அதாவது 10.11 பதிப்பிலிருந்து, மேக்ஓஎஸ் ஒரு யுஎஸ்பி கட்டுப்படுத்திக்கு (துறைகளை நிர்வகிக்கும் சுற்றுக்கு) 15 துறைகளுக்கு மேல் ஏற்பதில்லை. சாதனத்தின் இருப்பிட எண்ணில் ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு பதினறும இலக்கம்தான் (0 முதல் 15 வரை காட்டக்கூடியது) இடம். 0 போக மிஞ்சுவது 15. மச்சானின் தாய்ப்பலகையோ 26 துறைகளை அறிவிக்கிறது: யுஎஸ்பி 2 வகையில் 14, அதன் பின் யுஎஸ்ஆர் என்று (தொலைவிலிருந்து கணினியை மேலாண்மை செய்வதற்கானவை) 2, கடைசியில் யுஎஸ்பி 3 வகையில் 10. வரிசையில் முதல் 15ஐ எடுத்தால் யுஎஸ்பி 3 துறைகள் பத்தும் வெளியே நின்றுவிடும். நீல நிறம் இருந்தும் வேகம் இல்லாமல் போனது இதனால்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, நம் சொல்லாக்கத்துக்கும் அது முக்கியம். நீல நிறச் செருகுவாய் ஒன்றுக்குள் ஒன்பது தொடுமுனைகள். நான்கு பழைய யுஎஸ்பி 2க்கு, ஐந்து யுஎஸ்பி 3க்கு. கண்ணுக்கு ஒரு வாய். கணினிக்கு இரண்டு துறை. ஆகவே கையால் தொடுகிற பொருளைச் ‘செருகுவாய்’ என்றும், இயங்குதளம் எண்ணுகிற பொருளைத் ‘துறை’ என்றும் பிரித்து எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டையும் ‘போர்ட்’ என்றே எழுதுகிறபோது, “எனக்கு எட்டு போர்ட்தானே இருக்கு, 15 எப்படி நிரம்பும்?” என்று கேட்பவருக்கு விடை சொல்லி முடியாது.

வேலை இப்படிப் போகிறது. விண்டோஸில் யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற துறை கண்டறியும் கருவியை ஓடவிட்டு, ஒவ்வொரு வாயிலும் ஒரு யுஎஸ்பி 2 பென்டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவையும் குத்தி, எந்தத் துறை விழிக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு எவற்றை வைப்பது, எவற்றை விடுவது என்று முடிவெடுக்கிறோம். மச்சானுக்கு ஐந்து நீல வாய்கள் வைத்தோம், அதற்கு 10. முன்பக்க டைப்-சி வாய்க்கு 2. அச்சுப்பொறிக்கு ஒன்று. யுபிஎஸ்ஸுக்கு ஒன்று, மின் போனால் கணினி தானாக ஒழுங்காக அணையவேண்டும், அதை விடமுடியாது. புளூடூத்துக்கு ஒன்று. மொத்தம் 15. கடைசியாக, வைத்த ஒவ்வொன்றும் என்ன இனம் என்று எழுதுகிறோம்: யுஎஸ்பி 2 வாய் என்றால் 0, யுஎஸ்பி 3 வாய் என்றால் 3, டைப்-சிக்கு 9 அல்லது 10, பலகைக்குள்ளேயே இருக்கிற புளூடூத்துக்கு 255. இவ்வளவும் ஒரு கெக்ஸ்டாக, அதாவது கருனி நீட்சியாக (இயங்குதளத்தின் மையப்பகுதியோடு சேர்ந்து இயங்கும் துணைக்கோப்பாக), ஓபன்கோரின் கோப்புறைக்குள் போகிறது. அந்த 255தான் தூக்கத்தைச் சரிசெய்தது. வரம்பையே தூக்கிவிடுகிற ஓபன்கோர் தெரிவு ஒன்று முன்பு உதவியது, மேக்ஓஎஸ் 11.3க்குப் பிறகு அதை நம்பமுடியாது. ஆகவே இந்த வேலைக்கு மாற்று வழி இல்லை.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

‘துறை வரைபடம்’ என்று சொன்ன அண்ணை கோபிக்கக்கூடாது. வரைபடம் உள்ளதை உள்ளபடி காட்டுவது. நாம் செய்வது உள்ளதில் பதினொன்றை விலக்குவது. ‘மேப்’ என்பதை அச்சாக எடுத்ததால் வந்த பிழை இது. ‘துறைப்பட்டியல்’ விளைவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. மட்டக்களப்பு அக்கா சொன்ன ‘துறைத்தெரிவு’ எனக்கு மிகவும் பிடித்தது, ஏறக்குறைய அதையே எடுத்துவிட்டேன். ஆனால் இனம் எழுதும் பாதி வேலை அதற்குள் வரவில்லை. துறைகளைச் சரியாகத் தெரிவுசெய்துவிட்டுப் புளூடூத்துக்கு 0 என்று போட்டால் கணினி தூங்காது. தெரிவு சரி, வேலை பிழை.

என் முன்மொழிவு ‘துறை வரையறை’. வரையறுத்தல் என்றால் எல்லை கட்டுதல். வரையறுத்தல் என்றால் இது இன்னது என்று இலக்கணம் சொல்லுதல். 15 என்ற எல்லையும் 255 என்ற இனமும் ஒரே வினைக்குள் அடங்குகின்றன. போர்ட் மேப்பிங் என்ற மூலச்சொல்லில்கூட இந்த இரண்டும் இல்லை. வினையாக்கவும் எளிது: “முதலில் துறைகளை வரையறுத்துவிட்டு மீளத் தொடக்குங்கள்.” எண்ணிக்கையை மட்டும் குறிக்கத் ‘துறை வரம்பு’ தனியே இருக்கட்டும். ரவுட்டரில் செய்வதை ‘துறை முன்னனுப்பல்’ என்று வைத்தால் இரண்டும் கலக்காது.

‘துறை’யே வேண்டாம், ‘முனையம்’ போடலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து எழுதிய நண்பருக்கு ஒரு வார்த்தை. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, கொழும்புத்துறை என்று துறையைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர்களுக்கு நடுவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அந்தச் சொல் புரியும். இன்னொன்று: தோணி கரையில் எங்கும் ஒதுங்கலாம், ஆனால் சுங்கம் அறிவித்த துறையில் இறங்கினால்தான் சரக்குக் கணக்கில் ஏறும். நம் யுஎஸ்பி விடயமும் அப்படியே. செருகுவாய் கரை, வரையறுத்தது துறை.

கணினிக்குள்ளேயே இருப்பதைக் குறிக்க (ஆங்கிலத்தில் ‘இன்டர்னல்’) ‘உள்ளகம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். புளூடூத்தின் 255க்கு மட்டுமில்லை, கம்பி வலையமைப்பிலும் இதே கேள்வி வந்தது. மச்சானின் பலகையில் ரியல்டெக் 8111 சில்லு. அதற்கான இயக்கி ஆர்வலர்கள் எழுதிய கருனி நீட்சியாகக் கிடைக்கிறது. போட்டதும் இணையம் வந்தது. ஆனால் அதற்கு முன் கைத்தொலைபேசியை யுஎஸ்பியில் கொடுத்து இணையம் எடுத்திருந்ததால் வலையமைப்பு இடைமுகங்களின் வரிசையில் ‘இஎன்0’ என்ற முதலிடம் அதற்குப் போயிருந்தது. ஆப்பிள் சேவைகள் இஎன்0இல் உள்ளக இடைமுகம் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதால் ஆப் ஸ்டோருக்குள் நுழைய முடியவில்லை. பழைய வலையமைப்பு அமைப்புக் கோப்பை நீக்கி, கம்பியை மட்டும் விட்டு மீளத் தொடக்கியதும் சரி. இரண்டு இடத்திலும் இயங்குதளம் கேட்பது ஒன்றுதான்: இது உடம்போடு பிறந்ததா, வெளியிலிருந்து வந்து ஒட்டியதா? உள்ளகம், வெளியகம் என்ற சோடி நம் பாடப்புத்தகத் தமிழில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுப்போம்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இன்டெல் கணினிகளை ஏற்கிற கடைசி மேக்ஓஎஸ் டாஹோதான் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. முடியப்போகிற ஒன்றுக்குக் கலைச்சொல் எதற்கு என்று கேட்கலாம். இங்கே ஒரு கணினியைப் பூட்டினால் பத்து வருடம் ஓட்டுவோம். இந்தக் குறை பற்றிய கேள்வியும் அதுவரை வரும். அதைவிட, தாய்ப்பலகையின் நிலைபொருள் (பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தன் துறைகளை இயங்குதளத்துக்கு அறிவிப்பது எல்லாக் கணினியிலும் நடக்கிறது. அந்த அறிவிப்பைத் திருத்துகிற எவருக்கும் இந்தச் சொல் உதவும்.

‘துறை வரையறை’ என்று இடம் விட்டு எழுதுவதா, ‘துறைவரையறை’ என்று சேர்ப்பதா என்பதில் மட்டும் எனக்கு உங்கள் முடிவு வேண்டும். ஊர்ப்பெயர்களில் சேர்ந்துதான் நிற்கிறது. தேடுகிறவருக்கோ பிரித்திருந்தால் வசதி. நான் பிரித்து எழுதும் பக்கம். அக்காவும் அண்ணையும் பதில் போட்டதும் வழிகாட்டியில் மாற்றி, மச்சானுக்குத்தான் முதலில் வாசிக்கக் கொடுக்கப்போகிறேன்.