முன் கண்ணாடி மாற்றிய அனுபவம்: ஒரே வண்டிக்கு நாலு மாதத்தில் இரண்டு முறை

போன ஆடி மாதம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பெரம்பலூர் தாண்டி பாடாலூர் பக்கம் முன்னால் ஒரு ஜல்லி லாரி. தார்ப்பாய் போடவில்லை. முந்திப் போய்விடலாம் என்று இண்டிகேட்டரைப் போடும்போதே டப்பென்று ஒரு சத்தம். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகள் அலறி எழுந்துவிட்டாள். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தால், முன் கண்ணாடியில் இடப்பக்கம் கீழே கடுகு அளவுக்கு ஒரு குழி. அதைச் சுற்றி நாலு மெல்லிய கோடுகள். உள்பக்கம் நகத்தால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. சரி, மேலோட்டமான அடிதான் என்று கிளம்பிவிட்டேன்.

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி இல்லை. இரண்டு தகடுகள், நடுவில் பிவிபி என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதனால்தான் கல் பட்டாலும் பொலபொலவென்று கொட்டுவதில்லை. எனக்கு வெளித் தகடு மட்டும்தான் உடைந்திருந்தது. அப்போதே அதைச் சரிசெய்திருந்தால் சில நூறு ரூபாயோடு போயிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம். வண்டி நாலு மணி நேரம் வெயிலில் நின்றிருந்தது. ஏறியதும் ஏசியை முழுசாக வைத்து, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டேன். வெளியே தகிக்கிற சூடு, உள்ளே குளிர். கத்திப்பாரா வருவதற்குள் அந்தக் குழியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு கிளம்பிவிட்டது. இரவு வீட்டுக்கு வரும்போது அது டிரைவர் பக்க வைப்பர் வரை ஓடியிருந்தது. இனி மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மறுநாள் உறவில் ஒரு கல்யாணம், வண்டி அவசியம் வேண்டும். பக்கத்தில் இருந்த கடைக்காரர், "ஒரு மணி நேரத்துல முடிச்சுடலாம் சார்" என்றார். சொன்னபடி முக்கால் மணி நேரத்தில் முடித்தும் கொடுத்தார். 6,200 ரூபாய். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் முதல் பெருமழை. காலையில் கதவைத் திறந்தால் ஈரச் சாக்கு மாதிரி வாடை. இடப்பக்கக் கால்மிதியைத் தூக்கினேன், அடியில் இருந்த கம்பளம் ஊறிக் கிடந்தது. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் ஒரு விசில் சத்தம் கேட்கும், கதவு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது கண்ணாடியிலிருந்துதான் வந்திருக்கிறது. அதே கடைக்குப் போனேன். வெளியே ஓரத்தில் சிலிக்கானைப் பிதுக்கி விரலால் வழித்துவிட்டு, "இனி வராது சார்" என்றார். அடுத்த மழையிலேயே வந்தது.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் வேறொரு கடைக்கு அனுப்பினார். அங்கே வேலை செய்தவருக்கு அறுபது வயது இருக்கும். கம்பியைக் கொண்டு பழைய பசையை அறுத்தார். அவர் உள்ளே, ஒரு பையன் வெளியே, இருவரும் மாறி மாறி ரம்பம் இழுப்பது போல இழுத்தார்கள். எவ்வளவு பார்த்து எடுத்தும் கண்ணாடியின் ஒரு மூலையில் விரிசல் விட்டுவிட்டது, இனி புதுசுதான். எடுத்ததும் என்னைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாருங்க தம்பி." கண்ணாடி உட்காரும் சட்டத்தில், முதல் கடையில் பிளேடு கிழித்த கோடு நெடுகப் பெயின்ட் போய், தகரத்தில் துரு பிடித்திருந்தது. பழைய பசையைச் சீவாமல், தூசியைக்கூடத் துடைக்காமல், அதன் மேலேயே புதுப் பசையை வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் நாலு விரல்கடைக்குப் பசையே இல்லை. தண்ணீர் இறங்கிய இடம் அதுதான்.

"தண்ணி வந்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா இப்படியே ஓட்டிட்டு இருந்திருப்பீங்க" என்றவர், விபத்தில் பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடியில் மோதி, அதன் பிடிமானத்தில்தான் ஆளைத் தாங்கும் என்று விளக்கினார். கண்ணாடி ஒழுங்காக ஒட்டாமல் இருந்தால் பை அதையும் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டாம். அந்த சீட்டில் நாலு மாதமாக என் மனைவி உட்கார்ந்து வந்திருக்கிறாள். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

துருவைத் தேய்த்து எடுத்து, அந்த இடத்தில் பிரைமர் பூசி, காயும் வரை டீ குடித்துவிட்டு வந்தார். யூரித்தேன் பசையைத் துப்பாக்கியில் போட்டு, எங்கும் விட்டுப்போகாமல் ஒரே இழுப்பில் புதுக் கண்ணாடியைச் சுற்றி வைத்தார். கூம்பு மாதிரி நிமிர்ந்து நின்றது அந்தக் கறுப்புக் கோடு. உறிஞ்சிக் கப்புகளால் கண்ணாடியைத் தூக்கி உட்கார வைத்து, மேலே டேப் ஒட்டினார். மூன்று மணி நேரம் வண்டியை எடுக்க விடவில்லை. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுமாம். இரண்டு நாளைக்கு வாட்டர் வாஷ் கூடாது, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துத்தான் கதவைச் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்காற்று பசையைத் தள்ளிவிடும் என்றார். 7,400 ரூபாய். மனதாரக் கொடுத்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

———

கோவையிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. எனக்கும் கல் அடிதான், அவிநாசி ரோட்டில். ஆனால் வண்டியை நிறுத்தியவுடனே குழியின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டேன். தூசியும் தண்ணீரும் உள்ளே போய்விட்டால் பிறகு குழியை அடைக்கிற ரெசின் என்ற பிசின் பிடிக்காது. அடுத்த நாளே கடையில் ஊசி மாதிரி ஒரு கருவியால் ரெசின் ஏற்றி, யூவி விளக்கைக் காட்டி இறுக வைத்தார்கள். அரை மணி நேரம், 700 ரூபாய். உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். இரண்டு வருடமாக விரியவில்லை. ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற அடி என்றால்தான் செய்வார்களாம். ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக இருந்தாலோ கண்ணாடியின் விளிம்பில் இருந்தாலோ மாற்றத்தான் சொல்வார்கள்.

———

நான் நாகர்கோவில். இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன். முழு பாலிசி இருந்தால் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி பிடிப்பது போல இதற்குக் கிடையாது. 1,500 சிசி வரையுள்ள கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய் மட்டும் நம் கையிலிருந்து போகும்.

ஆனால் கிளைம் போடும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 35 சதவீதம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் சுமார் 6,000. கிளைம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45, அப்புறம் 50. போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம், பிறகு 20, 25 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். மூன்று வருடத்தில் மட்டும் 6,000 ரூபாய்க்குப் பக்கமாக இழப்பு. கண்ணாடிச் செலவே 6,500-தான். நான் கைக்காசைப் போட்டு மாற்றிவிட்டேன். கேமரா, மழை சென்சார் உள்ள பெரிய வண்டி என்றால் கணக்கு வேறு மாதிரி வரும். கண்ணாடிக்கு மட்டும் கிளைம் போட்டால் போனஸில் கை வைக்காத பாலிசிகளும் உண்டு, வாங்கிய காகிதத்தைப் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடு அதுவும் போய்விடும். பிய்த்தால் கிழிந்துவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். நான் யோசிக்காமல் கிளம்பி நாங்குநேரி டோல்கேட்டில் இரட்டிப்புக் கட்டணம் கட்டினேன், பின்னால் வரிசையில் ஹாரன் வேறு. வேலைக்கு விடும் அன்றே பேங்க் ஆப்பில் மாற்று டேக் கேட்டுவிடுங்கள். கணக்கில் இருக்கும் பணம் எங்கும் போகாது.

———

தம்பிகளுக்கு வணக்கம். மதுரையில் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவன். அம்பாசிடர் காலத்தில் இந்தப் பசையே கிடையாது. கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங். அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளேயிருந்து கயிற்றை உருவினால் ரப்பர் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ரோட்டோரத்தில் அரை மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். நாம் "சீக்கிரம் கொடுங்க" என்று கேட்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான். இப்போதைய வண்டிக்கு அது ஆகாது. கடைக்காரரிடம் எத்தனை மணிக்குத் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். மாட்டிய பிறகு எத்தனை மணி நேரம் வண்டியை எடுக்கக் கூடாது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள்.

———

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன கேள்வியை அன்றைக்குக் கேட்கத் தெரியாமல் போய்விட்டது. நேற்று இரவு இங்கே விடாமல் மழை. காலையில் முதல் வேலையாக இறங்கிப் போய் அந்தக் கால்மிதியைத் தூக்கி, கம்பளத்தின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.