மறு: டேப்லெட்டை ‘என்ரோல்’ செய்வதற்குத் தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி டேப்லெட்டுகளை நிர்வகிக்கும் மென்பொருளின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ‘என்ரோல்’ ஒன்றுதான் இழுக்கிறது. ‘சேர்க்கை’ என்று போட்டால் பள்ளி அலுவலகத்தில் மாணவர் சேர்க்கை என்றே படிப்பார்கள். ‘பதிவு’ என்ற சொல்லை ‘ரிஜிஸ்டர்’ முன்பே எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒன்றல்ல. ரிஜிஸ்டர் செய்தால் கருவி யாருடையது என்று தெரியும், அவ்வளவே. என்ரோல் செய்துவிட்டால் பள்ளி இருந்த இடத்திலிருந்தே அதைப் பூட்டலாம், செயலி ஏற்றலாம், கேமராவை நிறுத்தலாம், தரவு முழுவதையும் அழிக்கலாம்.

---

ஐயா, ‘ஆட்கொள்’ இருக்கிறதே!

பெரியபுராணத்தில் சிவன் முதியவராக வந்து சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட இடத்தை நினைத்துப் பாருங்கள். சுந்தரர் தமக்கு அடிமை என்று முதியவர் கொண்டுவந்த ஆளோலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது வெறும் நகலான படியோலை என்று சொல்லி, முதியவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். இன்றைய ஏற்பாடும் அதுதான். கருவியை வாங்கும்போதே அதன் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் பள்ளியின் பேரில் ஏற்றிவிடலாம். மாணவர் ஃபேக்டரி ரீசெட் செய்து, கருவியை வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோனாலும் படியோலைதான் கிழிகிறது. அடுத்து இணையத்தில் இணைந்ததும் மூல ஓலை வெளிப்பட்டு, கருவி பள்ளியின் கட்டுப்பாட்டுக்கே திரும்பிவிடும். இவ்வளவு பொருத்தமான சொல் வேறு எந்த மொழிக்கு வாய்க்கும்?

---

ஓலைக் கதை அருமை. ஆனால் திணை இடிக்கிறது. ‘ஆள்’ உயர்திணைப் பெயர்; டேப்லெட் அஃறிணை. முதல் பாடவேளைக்குள் பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கருவியாகத் தொடங்கிவைக்கும் ஆசிரியர், திரையில் ‘ஆட்கொள்’ என்று கண்டால் எதை அழுத்துவார்?

‘உட்படுத்து’ என்று வைக்கலாம். உள் + படுத்து. ஆட்கொள்ளில் உள்ள அதே ளகர டகரப் புணர்ச்சி இதிலும் உண்டு.

---

திணை வாதத்தை ஏற்க மாட்டேன். கருவியைக் ‘கையாள்கிறோம்’ அல்லவா? அங்கே அஃறிணையை ஆளவில்லையா?

மேலும், ‘உட்படுத்து’ தனியே நிற்காது. சோதனைக்கு உட்படுத்து, விசாரணைக்கு உட்படுத்து என்று நான்காம் வேற்றுமை கேட்கும். பொத்தானில் வெறும் ‘உட்படுத்து’ என்றிருந்தால், எதற்கு?

---

கையாள் என்பதில் ‘ஆள்’ வினை. ஆட்கொள் என்பதில் பெயர். இரண்டையும் குழப்பக் கூடாது. ‘எதற்கு?’ என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

---

எல்லாருக்கும் நன்றி. நாள் நெருங்குவதால் பெரும்பான்மையோர் தனிமடலில் ஒப்பியதையே வைக்கிறேன்: ‘நிர்வாகத்தில் சேர்’. வினையாக, நிர்வாகம் என்ற சொல்லோடு நிற்பதால் மாணவர் சேர்க்கையோடு குழம்பாது. எடுத்துவிடுவதற்கு ‘நிர்வாகத்திலிருந்து விடுவி’.

‘வைப்’ (wipe) என்பதற்கு முதல் வரைவில் ‘கருவியை அழி’ என்றிருந்தது. பார்த்துச் சொன்ன ஆசிரியர் ஒருவர், கருவியே பாழாகிவிடும் என்று பயந்து அதைத் தொடவே இல்லை. ‘தரவு முழுவதையும் அழி’ என்று மாற்றியிருக்கிறேன்.

---

‘நிர்வாகம்’ வடசொல் என்பதை இந்த அவசரத்தில் விட்டுவிடுகிறேன். ஆனால் ‘விடுவி’ என்று எழுதிவிட்டீர்கள். விடுவிக்க வேண்டுமென்றால் முன்பு ஆட்கொண்டிருக்க வேண்டும். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுப்புவேன்.