எமரால்டு பனியில் சோலார் விளக்கு: வழி சொல்லுங்க

ஊட்டி பக்கம் எமரால்டுல, கேரட் தோட்டத்தை ஒட்டின வீடு எங்களுது. ராத்திரியானா காட்டெருமை வாசலுக்கே வந்துடுது. அம்மா பாத்ரூம் போக முற்றத்தைத் தாண்டணும், எனக்கு அதுதான் பயம்.

9 வாட் எல்இடி ரெண்டு, 50 வாட் பேனல், 12 வோல்ட் 20 ஏஎச் லித்தியம் பேட்டரி போட்டிருக்கேன். விடிய விடிய, 12 மணி நேரம் எரிய 216 வாட் அவர் வேணும்; பேட்டரியே மொத்தம் 240தான். ரெண்டு நாள் மூட்டம் போட்டா 10 மணிக்கே அணைஞ்சிடுது. இன்னொரு பேனல் போடணுமா, இல்ல ஆள் நடமாட்டத்துக்கு எரியுற சென்சார் போதுமா?

டிசம்பர்ல பேனல் மேல உறைபனி உப்பு தூவின மாதிரி நிக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் ஏத்தக் கூடாதே, பேட்டரியை சமையலறைக்குள்ள வைக்கலாமா? மலையில போட்டவங்க சொல்லுங்க.